அம்மாவோடு நாலு நாள் சென்னை, ஆஸ்பத்திரி இல்லாமல், அலைச்சல் இல்லாமல். எங்கே தங்கலாம்?

பாளையங்கோட்டைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பாளை, மகாராஜநகர். ஜனவரி கடைசியில் குடியரசு தின லீவை ஒட்டிக் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் நாலு இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். வியாழன் இரவு கிளம்பினால் செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டும். நான், மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், 67 வயதில் அம்மா. கல்யாணம் இல்லை, இன்டர்வியூ இல்லை, சொந்தக்காரர் வீடு இல்லை. சும்மா போய் இருந்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா இதுவரை நாலு தடவை சென்னை போயிருக்கிறார். ஒரு தடவை கல்யாணத்துக்கு, மற்ற மூன்றும் அப்பாவின் சிகிச்சைக்கு. எழும்பூரில் இறங்குவோம், ஆட்டோ பிடிப்போம், ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு ரூம், கேன்டீன் சாப்பாடு, மறுபடி எழும்பூர். அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. போன மாதம் டிவியில் மெரினாவைக் காட்டினார்கள், அதைப் பார்த்துக்கொண்டே அம்மா, "மெட்ராஸ்னா எனக்கு மருந்து வாடைதான் ஞாபகம் வருது" என்றார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

கடல் அவருக்குப் புதிது இல்லை, வருடத்துக்கு நாலைந்து தடவை திருச்செந்தூர் போகிறவர்தான். அந்த ஊரைப் பற்றி அவர் மனதில் வேறு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுக்கிறார்கள். மெரினா, வண்டலூர், மகாபலிபுரம், கோட்டை, தி.நகர் ஷாப்பிங் என்று நாலு நாளில் பதினாறு இடம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி, கொஞ்ச தூரம் நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். எந்தப் பக்கம் தங்கினால் நல்லது, எதை விட்டுவிடலாம், பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா? செலவு முப்பத்தைந்தாயிரத்துக்குள் இருந்தால் நல்லது.

ஆற்றங்கரை

சொந்த ஊர் அம்பாசமுத்திரம், 14 வருடமாகத் திருவான்மியூரில் இருக்கிறேன். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை நீங்கள் செய்யாதீர்கள், அதாவது ரயில் எழும்பூரில் நிற்கிறது என்பதற்காக எழும்பூரிலேயே ரூம் போடுவது. கடைசி நாள் ரயில் ஏற வசதியாக இருக்குமே தவிர, ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் என்று ஆகிவிடும். இரண்டாம் நாளே அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்ல இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். அதுவும் எழும்பூரில் ரூம் என்றால் அவருக்குப் பழைய ஞாபகம்தான் வரும்.

பெசன்ட் நகர் அல்லது திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில், சமையலறையோடு இருக்கிற சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்றைப் பிடியுங்கள். தரைத்தளம் கிடைக்குமா, இல்லையென்றால் லிப்ட் ஓடுகிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அஞ்சு பேருக்கு இரண்டு ஹோட்டல் ரூம் எடுப்பதைவிட இது பெரும்பாலும் குறைவாகத்தான் வரும், காபிக்குக்கூட வெளியே போக வேண்டியதில்லை. ரயில் விடியற்காலையில் வந்துவிடும், ஆனால் ரூம் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் கொடுப்பார்கள். அதைப் பேசாமல் வந்து மூட்டையோடு ரோட்டில் நிற்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கே திறந்துவிடச் சொல்லி முன்கூட்டியே பேசுங்கள், அதற்கு அரை நாள் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

இந்தக் கடற்கரைக்கு இரண்டு நேரம்தான். விடிகிற நேரம் ஒன்று, வெயில் சாய்ந்த பிறகு ஒன்று. கிழக்குக் கடல் என்பதால் சூரியன் கண் முன்னாலேயே கிளம்பும். ஜனவரியில் காலையில் 21 டிகிரி வாக்கில் இருக்கும், மதியமே முப்பதைத் தாண்டாது, அம்மாவுக்கு ஒரு சால்வை போதும். பெசன்ட் நகரில் சனி ஞாயிறு சாயங்காலம் கூட்டம் நெரியும், அந்த இரண்டு நாளும் திருவான்மியூர் கடற்கரைக்கு வந்துவிடுங்கள், கடையும் குறைவு, சத்தமும் குறைவு. கோயில் என்றால் மருந்தீஸ்வரர் கோயில் போங்கள், அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம், பிரகாரம் அகலமாக, சமதளமாக இருக்கும். பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயில் கடலுக்குப் பக்கத்தில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மேல் சந்நிதிகளுக்குக் குறுகலான படிகளில் ஏற வேண்டும். அம்மா கீழே இருந்து கும்பிட்டுக்கொள்ளட்டும்.

ஒரு சாயங்காலம் மயிலாப்பூர். ஒரு அரை நாள் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா. தென்மாநிலத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், 1996-இல் திறந்தது. நம் நெல்லைச் சீமை அக்ரஹார வீடும் அதில் உண்டு, அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோது எனக்கு ஊருக்கே போய்விட்ட மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, கவனம். மற்றபடி லிஸ்டில் இருக்கிற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். வண்டலூரில் நடக்கிற நடைக்கு அம்மாவின் முழங்கால் தாங்காது. மகாபலிபுரம் போக வர மட்டுமே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் ஆகும், அதற்குத் தனியாக ஒரு தடவை வரலாம்.

உவரிக்காரன்

பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அண்ணாச்சி, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இறக்காதீர்கள். நான் கடற்கரையில் பிறந்தவன், அப்பாவும் தாத்தாவும் கட்டுமரம் ஓட்டியவர்கள், நானே மெரினாவில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்க மாட்டேன்.

திருச்செந்தூரில் குளித்த தைரியத்தில்தான் நம் ஆட்கள் அங்கே போய் இறங்குகிறார்கள். திருச்செந்தூரும் ஆள் வாங்காத கடல் இல்லை, ஆனால் மெரினா வேறு மாதிரி. கரையை ஒட்டியே தரை சட்டென்று சரியும். அலை கரைக்கு வந்து உடைந்ததும், ஏறிய தண்ணீர் முழுக்க அந்தச் சரிவில் அடியோடு திரும்பி ஓடும், அப்போது காலுக்குக் கீழே இருக்கிற மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். அதோடு கரைக்கு நேர் பக்கவாட்டில் ஒரு ஓட்டம் இருக்கிறது, நாங்கள் நீவாடு என்போம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பத்து நிமிஷத்தில் நீங்கள் இறங்கிய இடம் ஒன்று, நிற்கிற இடம் ஒன்றாக இருக்கும். அவ்வளவு அகலமான மணல் வந்ததே அந்த ஓட்டத்தால்தான். 1880-களில் துறைமுகத்துக்குக் கல் கட்டியபோது தெற்கிலிருந்து வருகிற மணல் அங்கே தடுக்கப்பட்டு மெரினா பக்கம் சேர்ந்துவிட்டது, துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது.

பெசன்ட் நகரும் அதே கடல்தான். அங்கே வெள்ளையாக வளைவு வளைவாக ஒரு கட்டிடம் நிற்கும், எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். 1930-இல் அங்கே தண்ணீரில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட கார்ல் ஷ்மிட் என்கிற டேனிஷ் மாலுமியின் நினைவாகக் கட்டியது அது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கட்டும். அவசியம் குளிக்கத்தான் வேண்டும் என்றால் தட்சிணசித்ரா போகிற அன்று அப்படியே கோவளம் போங்கள். 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய கடற்கரை, குளிக்கிற இடத்தைத் தனியாகக் குறித்து உயிர்காக்கும் ஆட்களையும் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் அவர்கள் விசில் ஊதினால் உடனே கரைக்கு வந்துவிட வேண்டும்.

கல்லணைத் தெரு

இவ்வளவு செலவு பண்ணி அவ்வளவு தூரம் எதற்கு? மணப்பாட்டில் இல்லாத கடலா? சனிக்கிழமை காலையில் கிளம்பினால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பாளையங்கோட்டைக்காரன்

மணப்பாடு எங்களுக்கும் பிடித்த இடம்தான் அண்ணாச்சி, அந்தக் குன்றும் கோயிலும் போல வேறு எங்கேயும் இல்லை. ஆனால் அம்மா மனதில் மருந்து வாடையோடு இருப்பது மணப்பாடு இல்லையே.

ஆற்றங்கரை, உவரிக்காரன் இரண்டு பேருக்கும் நன்றி. குளியல் விஷயம் பெரியவனிடம் சொல்லிவிட்டேன், முகம் வாடிவிட்டது, கோவளம் என்றதும் சரியாகிவிட்டான். மதிய நேரத்தில் என்ன செய்வது, ரயிலில் அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்க என்ன வழி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை டீச்சர்

தம்பி, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, எனக்கும் முழங்கால் வலி உண்டு, அதனால் படி கணக்கெல்லாம் அத்துப்படி.

முதலில் ரயில். இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, அந்தக் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் கீழ் பெர்த் கோட்டா இருக்கிறது, ஆனால் தனியாகவோ அதே தகுதியுள்ள இரண்டு பேராகவோ போட்டால்தான் கிடைக்கும். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். அம்மாவுக்குத் தனி டிக்கெட்டாகப் போடுங்கள், வேறு பெட்டியில் விழுந்தால் ஏறியபின் யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளலாம், கீழ் பெர்த்தைக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. போகும்போது இரவு ரயில்தான் நல்லது. 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது, ஆனால் உட்கார்ந்தே போக வேண்டும், எனக்குக் கால் வீங்கிவிட்டது. நீங்கள் திரும்புகிற கிழமையில் அது ஓடினால் வசதி, மதியச் சாப்பாடு முடித்து ஏறினால் இரவு பத்தரை வாக்கில் நம் ஜங்ஷன். எதில் போனாலும் டிக்கெட்டில் எழும்பூர் என்று இருக்கிறதா, தாம்பரம் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. எல்லாக் கட்டிடத்தையும் பார்க்கப் போனால் அம்மா களைத்துவிடுவார், இரண்டே இரண்டு போதும். செப்புத் திருமேனிகள் ஒன்று, தொல்லியல் பகுதி இன்னொன்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899-இலிருந்து தோண்டி எடுத்த பொருட்கள் அங்கேதான் இருக்கின்றன. இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், தங்கத்தில் நெற்றிப்பட்டம். நம் தாமிரபரணிக் கரை மண்ணுக்கடியில் அத்தனை காலம் கிடந்தவை. பஸ்ஸில் திருச்செந்தூர் போகும்போது ஜன்னல் வழியாக அந்தப் பரம்பைக் காட்டிவிட்டு, அங்கே கிடைத்ததை இங்கே காட்டினால் பிள்ளைகளுக்கு மறக்காது. என் மாணவர்களை ஒருமுறை கூட்டிப்போனபோது, ஒரு பையன் தாழி முன்னாலிருந்து நகரவே இல்லை, அவன் ஊர் கருங்குளம். வெள்ளிக்கிழமை விடுமுறை, 26-ஆம் தேதியும் மூடியிருக்கும், அதனால் சனி அல்லது ஞாயிறு.

26 காலையில் மெரினா பக்கம் போகாதீர்கள். அணிவகுப்பு காமராஜர் சாலையில்தான் நடக்கும், போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். வேறு ஒரு நாள் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே போங்கள். 2022-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அங்கே மணலில் மரப்பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகிச் சரிசெய்தார்கள். மணலில் கால் புதைந்து நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. நான் அதில் நடந்து போய்க் கடலைப் பக்கத்தில் பார்த்தேன், அதற்கு முன் இருபது வருடமாக ரோட்டோரத்தில் உட்கார்ந்துதான் மெரினாவைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் திருவல்லிக்கேணியில் பாரதியார் இருந்த வீடு. எட்டயபுரத்தில் பிறந்து, நம் ஊர் இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்து, கடையத்துச் செல்லம்மாளைக் கட்டியவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு, பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். அதைப் பார்த்துவிட்டு அப்படியே ரத்னா கபேயில் இட்லி சாப்பிடுங்கள், சாம்பாரை வாளியோடு ஊற்றுவார்கள், இட்லி மிதக்கும்.

கடையநல்லூர்ப் பையன்

அண்ணா, பெரிய பையனுக்குப் பத்து வயது என்றால் ஆமை நடை கூட்டிப்போங்கள். ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். மாணவர்கள் நடத்துகிற ஒரு கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988-இலிருந்து இரவு இரவாக நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பத்திரமான இடத்தில் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள், நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில். முன்பே பதிவு செய்ய வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. ஆமை வரும் என்று சொல்ல முடியாது, நான் போன மூன்று தடவையில் ஒரு தடவைதான் பார்த்தேன், ஆனால் அந்த ஒரு தடவை போதும். சின்னவன் நடக்க மாட்டான், அவனையும் அம்மாவையும் விட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம் ஒன்று, சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, முன்பக்கம் பிங்க் கலரில் வரும். திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலிலும் போகலாம், அஞ்சு ரூபாய்தான், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் எல்லா ஸ்டேஷனும் உயரத்தில் இருக்கிறது, லிப்ட் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது. ஆச்சியை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலில் போங்கள்.

ஆற்றங்கரை

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மெட்ரோ வேலையால் லஸ், மயிலாப்பூர் பக்கம் பாதைகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், ஆட்டோவை மாடவீதி முனையில் நிறுத்தச் சொல்லுங்கள். கபாலீஸ்வரர் கோயில் மதியம் நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்கு மேல் போங்கள். குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

பாளையங்கோட்டைக்காரன்

போய்விட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது, எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

திருவான்மியூரில் வீடு மாதிரி ஒரு இடம் கிடைத்தது, தரைத்தளம். காலை ஏழரைக்குச் சாவி கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் எங்கேயும் போகவில்லை, ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போன மிளகாய்ப்பொடி இட்லி மீதி இருந்தது, அதைச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தூங்கினோம். சாயங்காலம் கடற்கரை. மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து பார்த்தால் அம்மா குளித்து, சேலை மாற்றி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "போலாமா?" என்றார். அதற்குப் பிறகு மூன்று காலையும் அப்படித்தான், அவர்தான் எங்களை எழுப்பினார். மூன்றாம் நாள் அங்கே நடைக்கு வருகிற ஒரு அம்மாவோடு பழகி, அவர் வீட்டு வத்தக்குழம்புப் பக்குவம் வரைக்கும் கேட்டுவிட்டார்.

அருங்காட்சியகத்தில் டீச்சர் சொன்னபடியே இரண்டு பகுதிதான் பார்த்தோம். தாழியைப் பார்த்து அம்மா, "எங்க ஆச்சி வீட்டுல நெல்லுப் போடுற குலுக்கை மாதிரிலா இருக்கு" என்றார். அது எதற்குப் பயன்பட்டது என்று சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார், நானும் அவசரப்படுத்தவில்லை. கோவளத்தில் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தார்கள், இரண்டு தடவை விசில் ஊதினார்கள், இரண்டு தடவையும் ஓடி வந்துவிட்டார்கள். ஆமை நடைக்கு நானும் பெரியவனும் போனோம், ஆமையைப் பார்க்கவில்லை, அது ஏறி இறங்கிப் போன தடம்தான் பார்த்தோம், டிராக்டர் போன மாதிரி மணலில் இரண்டு பக்கமும் வரி. தடத்தின் முடிவில் அவர்கள் குச்சியால் குத்திப் பார்த்து, கையால் தோண்டி, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தார்கள். பையன் எண்ணிக்கொண்டே வந்தான், நூற்றுப் பதினெட்டு. இப்போது வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

செலவு முப்பத்து மூவாயிரத்தில் முடிந்தது. செவ்வாய்க்கிழமை எழும்பூர் போகிற வழியில் அந்த ஆஸ்பத்திரி வந்தது. வேறு வழியாகப் போகச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார், எதிரே நாங்கள் தங்கியிருந்த ரூம் இருந்த கட்டிடத்தையும் பார்த்தார். "அந்தக் கீழ இருந்த டீக்கடைய எடுத்துட்டாம்போல" என்றார். அப்புறம் பையைத் திறந்து முறுக்கை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்.

டீச்சர், பாரதி வீடு போக முடியவில்லை, மயிலாப்பூர் குளத்தங்கரையிலேயே இரண்டு சாயங்காலம் போய்விட்டது. பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா சமயத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்குமா, முழங்கால் வலியோடு பார்க்க எந்த வீதி தோது என்று உங்களிடம் கேட்கச் சொன்னார் அம்மா.